ஊரின் தண்ணீரை ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள்

ஊராட்சிகளின் உயிரியல் பல்வகைமை மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும், அவர்களுக்காகப் பதிவேடு எழுதிக்கொடுக்கும் கல்லூரி ஆசிரியர்கள், தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு விலங்கியல் வாத்தியார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் ஓர் ஊரின் மக்கள் உயிரியல் பல்வகைமைப் பதிவேட்டைக் கொடுத்து, கொஞ்சம் பார்த்துத் திருத்தித் தாருங்கள் சார் என்றார்கள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் தப்பு செய்தது போல ஆகிவிடும். மரங்களுக்குப் பதினோரு பக்கம், மூலிகைகளுக்கு எட்டு, நீர்வாழ் உயிரினங்களுக்கு ஒன்றரைப் பக்கம். கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை, நண்டு, நத்தை, தவளை எல்லாம் வந்தபிறகு கடைசி வரி இது: “சிவப்பு நிற நீர்ப்பூச்சி – சிறியது – குளம் – பயன் இல்லை.”

முதலில், அந்த வரியை எழுதியவருக்கு என் பாராட்டு. நான் பார்த்த மற்ற பதிவேடுகளில் அந்த வரியே கிடையாது. யாரோ ஒருவர் கரையில் குனிந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆனால் அந்த வரியில் “சிறியது” என்ற ஒரு சொல்தான் முழுக்கச் சரி. அது பூச்சி இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவான ஒரு பிராணி. எல்லாம் சிவப்பும் இல்லை. குளத்தில் மட்டும் இருப்பதும் இல்லை. பயன் விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உங்களைப் போன்ற ஒரு குழு இருக்கவேண்டும் என்கிறது. ஊர் மக்களிடம் கேட்டுப் பதிவேடு தயாரிப்பதுதான் குழுவின் முதல் வேலை. 2020 ஜனவரி 31க்குள் எல்லாப் பதிவேடும் முடியவேண்டும், முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும், அதன்பிறகு பதிவேடுகள் எந்த வேகத்தில் எழுதப்பட்டன என்பதும் உங்களுக்கே தெரியும். பக்கத்து ஊர்ப் பதிவேட்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய கதையெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன். அதைக் கிளற இந்தக் கடிதம் இல்லை. திருத்தி எழுத வாய்ப்பு வரும்போது அந்தக் கடைசி வரியை எப்படி எழுதலாம் என்பதுதான் என் பேச்சு.

ஒரு வெள்ளைத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டே போதும், வீட்டில் திட்டு வாங்காத தட்டாக இருந்தால் நல்லது. பாசியும் ஆம்பலும் அடர்ந்த கரையோரத்தில் கொசுவலைத் துணியைக் கட்டிய வளையத்தை நாலைந்து முறை இழுத்து, அதைத் தட்டில் கழுவி விடுங்கள். இரண்டு நிமிடம் கலங்கல் அடங்கட்டும். முதலில் விட்டுவிட்டுத் துள்ளுபவை நீர்த்தெள்ளுகள். நெளிபவை கொசுவின் புழுக்கள். அப்புறம்தான் கண்ணில் படும், கடுகளவு அல்லது கடுகில் பாதியளவு ஓர் உருண்டை, ஒரு நொடிகூட நிற்காமல் தட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். கால் அடிக்கிற வேகத்தில் கால் இருப்பதே தெரியாது. முதல் தடவை பார்த்தபோது என் பேத்தி, “தாத்தா, குங்குமம் நீந்துது” என்றாள். அதைவிட நல்ல வருணனை எனக்குத் தெரியாது.

ஒரு சொட்டுத் தண்ணீரோடு அதை எடுத்துப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எட்டுக் கால். உணர்கொம்பு இல்லை, இறக்கை இல்லை. பூச்சிக்கு இருப்பது போலத் தலை, நெஞ்சு, வயிறு என்ற பிரிவும் இல்லை. சிலந்திக்காவது இடுப்பு இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது. எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டை, முன்னால் வாயுறுப்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சிலந்தி, தேள், மாட்டு உண்ணி இருக்கும் வகுப்பைச் சேர்ந்தது இது. நீர்ப்பூச்சிகளில் பல மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும், இது வராது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைத் தோல் வழியாகவே எடுத்துக்கொள்ளும்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? தென்னையிலும் மிளகாயிலும் வரும் இதன் உறவுகளை வேளாண் துறையினர் “சிலந்தி” என்றும் “சிலந்திப்பேன்” என்றும் எழுதுகிறார்கள். பேன் ஒரு பூச்சி, ஆகவே அது எனக்கு உறுத்துகிறது. உண்ணியின் உறவு, அளவில் சிறியது என்பதால் “நீர்ச்சிற்றுண்ணி” என்று எழுதிவருகிறேன். அவசரத்தில் சிற்றுண்டி என்று படித்துவிடாதீர்கள். ஒருமுறை அச்சகத்தில் அப்படியே அடித்துக் கொடுத்து, “நீர்ச் சிற்றுண்டிகளின் வகைப்பாடு” என்று ஒரு கருத்தரங்கத் தாள் வெளிவந்து மானம் போனது.

இதன் நெருங்கிய சொந்தத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் மழைக்கு அப்புறம் செம்மண்ணில் ஊர்ந்துவரும் பட்டுப்பூச்சிதான் அது. தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்பதெல்லாம் அதுவே. சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவதும் அதுதான். தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன தலைமுறை நாங்கள். மண்ணில் வாழும் அந்தக் கூட்டத்தின் முன்னோர் வழியில் ஒரு கிளை தண்ணீரில் இறங்கியது. இன்று உலகெங்கும் பெயரிடப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களாக, 400க்கும் மேற்பட்ட பேரினங்களாக, 50க்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பெருகியிருப்பது அந்த ஒரு கிளைதான். பட்டுப்பூச்சிக்குத் தமிழில் இத்தனை பெயர், தண்ணீருக்குள் போன தம்பிக்கு ஒரு பெயரும் இல்லை.

தண்ணீரில் எட்டுக்காலோடு தெரிவதெல்லாம் இந்தக் கிளைதான் என்றும் எண்ணிவிடக் கூடாது. குளத்தில் பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் வாத்துப்பாசியைக் கிள்ளிப் பார்த்தால் அதன் இலைக்குள்ளேயே குடியிருக்கும் ஹைட்ரோஜீட்டஸ் என்றொரு பழுப்பு உருண்டை கிடைக்கும். அது நீந்தாது, நடக்கும். இலையைத் தின்னும். அது மக்கிய சருகில் வாழும் வேறொரு கூட்டத்திலிருந்து தனியாகத் தண்ணீருக்கு வந்தது. கடலில் பெரும்பாலும் வாழும் ஹாலகாரிட் என்ற மூன்றாவது கூட்டத்தின் சில இனங்கள் நன்னீரிலும் உண்டு. ஆக, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வீட்டிலிருந்து தண்ணீருக்குக் குடிவந்தவர்கள் இவர்கள். பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஒரே ரேஷன் கார்டில் எழுதிவிட முடியாது. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. நன்னீர்க் கூட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கடலுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அதில் போர்ட்டோ ரிக்கோ பக்கம் கிடைத்த ஓர் இனத்துக்கு 2014இல் பாடகி ஜெனிபர் லோபஸின் பெயரை வைத்தார்கள். கட்டுரை எழுதும்போது அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். வகைப்பாட்டியல்காரர்கள் எல்லோரும் உம்மணாமூஞ்சிகள் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

உயிரினங்களுக்கு லத்தீனில் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் இந்தப் பிராணியைத் தன் பட்டியலில் சேர்த்தபோது “தண்ணீர் உண்ணி” என்ற பொருளில் ஒரே பெயரோடு விட்டுவிட்டார். உங்கள் பதிவேட்டின் கடைசி வரி போலத்தான். 1781இல் ஓட்டோ பிரெடரிக் முல்லர் டென்மார்க்கின் சதுப்புக் குட்டைகளில் மட்டும் துழாவி, ஒன்றல்ல, ஐம்பதுக்கு அருகில் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். நம் பக்கத்தில், ஹங்கேரிய விலங்கியலாளர் டாடாய் 1898இல் இலங்கையின் நன்னீர் நுண்பிராணிகளைப் பற்றி எழுதியபோது இவற்றுக்கும் இடம் கொடுத்தார். 1967இல் அமெரிக்கரான டேவிட் குக் இந்திய நீர்ச்சிற்றுண்ணிகளைப் பற்றி 400 பக்கங்களுக்கு மேல் ஒரு நூல் கொண்டுவந்தார். 1974இல் உலகப் பேரினங்கள் அனைத்துக்கும் 860 பக்கத்தில் இன்னொரு நூல். அவருடைய கோட்டுப் படங்களை ஜெராக்ஸ் எடுத்து, தாள் மஞ்சளாகிக் கிழியும்வரை பார்த்துப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

சரி, ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? நிறத்தை வைத்து இல்லை. சிவப்பு கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். பச்சை, நீலம், மஞ்சள், பழுப்பு, முதுகில் கறுப்புத் திட்டு என்று எல்லா நிறத்திலும் இருக்கின்றன. ஸ்பிரிட்டில் போட்டால் நிறமெல்லாம் வெளுத்துப்போகும். மல்லாக்கப் போட்டு வயிற்றுப் பக்கம் பார்க்கவேண்டும். கால்கள் முளைக்கும் இடத்தில் நான்கு ஜோடித் தகடுகள். அவை ஒட்டியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா? இனப்பெருக்கத் துளையின் இருபுறமும் குட்டிக் கிண்ணங்கள் போலிருப்பவை எத்தனை, மூன்று ஜோடியா, முப்பதா? முதுகில் சுரப்பித் துளைகளும் அவற்றோடு ஒரு மயிரும் எந்த வரிசையில்? வாயருகே உள்ள ஐந்து கணு உணர்காலின் நுனி கொக்கியா, இடுக்கியா? எய்லைஸ் என்ற பேரினத்தில் கண்கள் ஒரு தகட்டில் சேர்ந்து மூக்குக்கண்ணாடி மாட்டியது போல இருக்கும். நீந்தும்போது பின்னங்கால் ஜோடியை மட்டும் அடிக்காமல் நீட்டி இழுத்துக்கொண்டு போகும். தட்டில் இருக்கும்போதே பேர் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான்.

எனக்குப் பிடித்தது அர்ரெனூரஸ். நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் கொண்ட, இந்தக் கூட்டத்திலேயே பெரிய பேரினம். பெயருக்கே “ஆண்வால்” என்று பொருள். பெண் உருண்டையாகச் சாதாரணமாக இருக்கும். ஆணுக்குப் பின்புறம் ஒரு வால், இனத்துக்கு ஒரு வடிவம். ஒன்றில் நீண்ட குழல், ஒன்றில் இரண்டு கொம்பு, நடுவில் ஒரு சிறு கரண்டி. ஆண் கிடைத்தால் சிற்றினம் சொல்லலாம். பெண் மட்டும் கிடைத்தால் பெரும்பாலும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் யோக்கியம்.

இந்த அர்ரெனூரஸை நீங்கள் தண்ணீரைத் தொடாமலேயே பார்த்திருக்கலாம். ஊசித்தட்டானைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நெஞ்சின் அடியில், கால்களுக்கு நடுவில், சிவப்பு முத்துக்கள் கோத்தது போல ஐந்தோ பத்தோ ஒட்டியிருக்கும். சின்ன வயதில் அதைத் தட்டான் முட்டை என்றுதான் நினைத்தோம். அவை நீர்ச்சிற்றுண்ணியின் குஞ்சுகள். குஞ்சுக்கு எட்டுக் கால் இல்லை, ஆறுதான். அதனால் குஞ்சை மட்டும் பார்த்தவர் பூச்சி என்று எழுதினால் அவரைக் கோபிக்க முடியாது. தட்டான் தண்ணீருக்குள் வளரும் பருவத்திலேயே இந்தக் குஞ்சு அதன்மேல் தொற்றிக்கொள்ளும். தொற்றிக்கொண்டு ஒன்றும் தின்னாமல் காத்திருக்கும். தட்டான் செடியின் மேல் ஏறித் தோலை உரித்து வெளியே வரும் அந்தச் சில நிமிடத்தில், பழைய தோலிலிருந்து புது உடம்புக்குத் தாவி, தோல் கெட்டியாவதற்குள் வாயைச் செருகிவிடும். அப்புறம் உறிஞ்சி உறிஞ்சி முத்தாகும். தட்டான் பறக்கும் இடமெல்லாம் ஓசிப் பயணம். தட்டான் முட்டையிடத் தண்ணீருக்கு வரும்போது இது கழன்று விழுந்து, அசையாத ஒரு பருவம், வேட்டையாடும் எட்டுக்கால் இளம்பருவம், மீண்டும் அசையாத ஒரு பருவம் என்று தாண்டிப் பெரியதாகும். பெரியதான பிறகு ஒட்டுண்ணி இல்லை. நீர்த்தெள்ளு, கொசுப்புழு, பூச்சி முட்டை ஆகியவற்றைக் குத்தி, உள்ளே செரிமானச் சாறு விட்டு, கரைத்து உறிஞ்சும்.

குளத்துக்குக் குளம் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பயணம் போகும் இந்த ஏற்பாட்டில், ஒரு பருவத்தை மட்டும் பார்த்து ஏமாந்த பெரிய மனிதர்கள் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ஓடுவான், நீர்வண்டின் மேல் ஒட்டியிருந்த பை போன்ற ஒன்றைப் புதுப் பிராணி என்று நம்பி அதற்குத் தனிப் பேரினமே உண்டாக்கினார். ஹைட்ராக்னா என்று ஏற்கெனவே பெயர் பெற்ற நீர்ச்சிற்றுண்ணியின் இளம்பருவம் அது என்பது பின்னால் தெரிந்தது. நம்மூர் நீர்த்தேளின் காலிலும் வயிற்றிலும் இதே போன்ற சிவப்புப் பைகளைப் பார்க்கலாம். ஆகவே யாருடைய உடம்பில், உடம்பின் எந்த இடத்தில், எத்தனை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பின்னால் வருபவருக்குப் பிடி கிடைக்கும். தட்டான் படம் எடுப்பவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறீர்கள். அந்தச் சிவப்பு முத்துக்களைப் படத்தில் “சுத்தம்” செய்து அழித்துவிட்டுப் போடுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

இனி “குளம்” என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கண்மாய், ஏரி, தாங்கல், ஊருணி, கேணி, சுனை, ஊற்று, ஓடை, மடு, வாய்க்கால் என்று தண்ணீர் நிற்கும், ஓடும், கசியும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருப்பவர்கள் நாம். பதிவேட்டில் மட்டும் எல்லாம் “நீர்நிலை” என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகிறது. நீர்ச்சிற்றுண்ணிகளின் வகைப்பாடு கிட்டத்தட்ட அந்தச் சொற்களின் வகைப்பாடுதான். நின்ற நீரில் வாழ்பவற்றின் காலில் நீந்துவதற்கென்று நீண்ட மயிர்கள் வரிசையாக இருக்கும். ஓடையில் வாழும் டோரன்டிகோலாவுக்கு அந்த மயிர் கிடையாது. ஓடும் தண்ணீரில் நீந்தப்போனால் அடித்துக்கொண்டு போய்விடுமே. உடம்பு தட்டையாக, மேலும் கீழும் கேடயம் போட்டது போல இருக்கும். கல்லின் அடியில் நகத்தால் பற்றிக்கொண்டு ஊரும். இரண்டையும் ஒரு தட்டில் போட்டால் ஒன்று பம்பரமாகச் சுற்றும், மற்றது தட்டின் தரையைப் பிடித்துக்கொண்டு “என்னை எங்கே கொண்டுவந்தாய்” என்று கேட்பது போல நிற்கும்.

குளத்துக்குள்ளேயே இன்னொரு வீடு இருக்கிறது. மட்டி. நத்தைகுத்தி நாரை கொத்தித் திறந்துபோட்ட மட்டியை எடுத்து, செவுள் மடிப்பைக் கம்பியால் விலக்கினால் யூனியோனிகோலா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை உள்ளே நடமாடுவதைப் பார்க்கலாம். அதற்குள்ளேயே வாழ்வு, அதன் சதையிலேயே முட்டை. மட்டி போனால் அவையும் போகும்.

ஊற்றுகள் இன்னும் நுட்பமானவை. வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குளிர்ச்சி, ஒரே தெளிவு. அந்தச் சின்ன ஈரத்தை விட்டு வேறெங்கும் வாழாத இனங்கள் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளில் இதைத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கு ஆல்ப்ஸ் வேண்டாம். மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அப்போது அரசே எண்ணிச் சொன்னது. டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றபோது அந்த மக்கள் நின்ற நிலையை நாடே பார்த்தது. 200 ஊற்று என்றால் 200 வீடு. பதிவேட்டில் அதற்கு 200 வரிசை எண் வேண்டும். உங்கள் ஊரில் மூன்றே ஊற்று இருந்தால் மூன்று எண். ஊற்றுக் கண்ணைச் சுற்றி சிமெண்ட் தொட்டி கட்டி, பைப் வைத்து, கல்வெட்டில் பெயர் பொறிக்கும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. தொட்டி கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊற்று கசிந்து பாசியும் சருகும் கல்லுமாகக் கிடக்கும் முதல் இரண்டு முழம் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அதற்குக் கீழே கட்டுங்கள்.

கடைசியாக, யார் கணக்கிலும் வராத ஒரு தண்ணீர். வைகையிலும் பாலாற்றிலும் கோடையில் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிய அம்மாமார்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் காரமன், சப்பூயி என்ற இருவர் 1930, 40களில் ஆற்றங்கரைச் சரளையில் குழி தோண்டி, ஊறும் நீரை வலையில் வடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். இன்றும் அந்த முறை அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. நம் அம்மாமார்களிடம் ஒரு வலை இருந்திருந்தால் பெயர் வேறாக இருந்திருக்கும். மணலுக்கு அடியில் ஓடும் அந்த நீரிலும் நீர்ச்சிற்றுண்ணிகள் உண்டு. மணல் இடுக்கில் நுழைவதற்கென்று புழு போல நீண்டவை, நிறம் வெளுத்தவை, கண் மங்கியவை அல்லது கண்ணே இல்லாதவை. “சிவப்பு நிற” என்று தேடினால் இவை ஒருநாளும் கிடைக்காது. ஆற்று மணல் எத்தனை அடி போயிருக்கிறது என்று அளக்கிறோம். போன மணலின் இடுக்கெல்லாம் வீடாக இருந்தது எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆற்றின் உடல்நிலையைப் பிராணிகளை வைத்து மதிப்பிடும் முறைகள் பல நாடுகளில் இருக்கின்றன. பிரிட்டனில் பிறந்து நாமும் எடுத்துக்கொண்ட மதிப்பெண் பட்டியலில் நீர்ச்சிற்றுண்ணிக்கு இடமே இல்லை. தென்னாப்பிரிக்க முறையில் இடம் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண், 8. எய்லைஸும் டோரன்டிகோலாவும் ஒரே 8. சாக்கடைப் பக்கத்துக் குட்டையில் வாழ்வதற்கும் மலையோடையில் வாழ்வதற்கும் ஒரே மார்க் போட்டால் அது என்ன பரீட்சை? வல்லுநர்களாலேயே முடியாததை ஊராட்சியால் முடியுமா என்று கேட்பீர்கள். சிற்றினம் வரைக்கும் முடியாது, முயலவும் வேண்டாம். இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்து ஒத்துப்போகிறது என்று லத்தீன் பெயரை எடுத்து ஒட்டியிருக்கும் பதிவேடுகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே இருக்கவே முடியாத ஐரோப்பியப் பிராணி நம்மூர் ஊருணியில் நீந்துகிறது. தப்பான பெயரைவிட வெறும் “நீர்ச்சிற்றுண்ணி” ஆயிரம் மடங்கு மேல். எந்தத் தண்ணீர், எந்த மாதம், கல்லடியா பாசியா மணலா மட்டியா, யார் உடம்பில் என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். பெயரைப் பின்னால் யாராவது சொல்வார்கள், மாதிரி இருந்தால்.

மாதிரி வைப்பதில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் மூன்று வருடம் சேர்த்ததை எல்லாம் பரிசோதனைக்கூட ஸ்பிரிட்டில் போட்டு வைத்தேன். எடுத்துப் பார்த்தால் உண்டியல் காசு போல விறைத்துப்போய், கால் மடங்கி, ஊசி பட்டால் நொறுங்கியது. உடலமைப்பைப் பார்க்க வேண்டுமானால் கிளிசரின், அசிட்டிக் அமிலம், தண்ணீர் கலந்த கோனிகே கரைசல்தான் சரி. அதில் உடம்பு மெத்தென்று இருக்கும். மரபணு பார்க்க வேண்டுமானால் அதற்கென்று கொஞ்சத்தைச் சுத்தமான எத்தனாலில் தனியாக வையுங்கள். இரண்டு சீசா, இரண்டு சீட்டு. சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்து, சீசா மட்டும் பத்திரமாக, ஊர் பெயர் காணாமல் போன மாதிரிகள் என்னிடம் இன்றும் இருக்கின்றன.

தூர்வாருகிற வேலை வரும்போது ஒன்று செய்யுங்கள். ஜேசிபி இறங்குவதற்கு முந்தின வாரம், கரையைச் சுற்றி நாலு இடத்தில் வலை போட்டு எடுத்து வையுங்கள். கண்மாயின் ஒரு மூலையைப் பாசியும் மட்டியுமாக அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் எல்லாம் பரவவேண்டும். தட்டான் ஏற்றிக்கொண்டுவரும் இனங்கள் எப்படியும் திரும்பி வந்துவிடும். மட்டிக்குள் இருப்பவற்றுக்கு அந்த வசதி குறைவு.

பயன் என்ற பத்திக்கு என்ன எழுதுவது? கொசுப்புழுவைத் தின்கிறது, கொசுவின் உடம்பிலும் இதன் குஞ்சு ஒட்டுகிறது, அதனால் கொசுவை ஒழிக்கும் என்று எழுதச் சொல்லி ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். நிதி கேட்க வசதியாக இருக்குமாம். தின்பது உண்மை, ஒட்டுவதும் உண்மை, ஒழிக்கும் என்பது நம்மால் சொல்ல முடியாத பேச்சு. வேண்டாம். மீனுக்கு உணவு என்றும் எழுதாதீர்கள். சிவப்பாக இருப்பவற்றில் பலவற்றை மீன் தொடாது. என் வீட்டுத் தொட்டியில் கப்பி மீனிடம் ஒன்றைப் போட்டேன். கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வியது, துப்பியது, மூன்றாம் முறை கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பத்தியில் ஒரு சின்னக் கோடு போட்டால் போதும்.

எனக்குக் கொடுத்த பதிவேட்டில் அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, ஊர்க்காரர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி வந்தபின் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். அவை இப்படி இருக்கின்றன:

“நீர்ச்சிற்றுண்ணி (சிவப்பு, நீந்துவது, எய்லைஸ் பேரினம்) – பெரிய கண்மாய், வடகரை ஆம்பல் – ஐப்பசி – சீசா 1.

நீர்ச்சிற்றுண்ணிக் குஞ்சு – ஊசித்தட்டானின் நெஞ்சடியில் ஒன்பது – ஊருணிப் படித்துறை – ஐப்பசி – படம் 4.

நீர்ச்சிற்றுண்ணி (மஞ்சள், கறுப்புத் திட்டு) – மட்டியின் செவுளில் மூன்று – பெரிய கண்மாய், மடையடி – ஐப்பசி – சீசா 2.

நீர்ச்சிற்றுண்ணி (பழுப்பு, தட்டை, நீந்தாது) – மலையடி ஓடை, கல்லடி – ஐப்பசி – சீசா 3.

கோயில் சுனை – பார்த்தோம், அன்று கிடைக்கவில்லை – தை மாதம் மறுபடி பார்க்கவேண்டும்.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை மாவட்டம்